வாசகர் கேள்வி: அம்மா தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போகிறேன் என்கிறார், எப்படித் தடுப்பது?

நாற்பத்து நான்கு வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 73 வயது. கணவர் காலமான பிறகு தனியாக வசிக்கிறார், தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். அவரிடம் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. இரண்டே சீட், மடித்து வைக்கிற துணிக்கூரை, கையால் மாற்றும் கியர். ஐம்பதைத் தாண்டிய வயதில், சொந்தச் சம்பளத்தில், வீட்டில் யாரையும் கேட்காமல் ஒருவர் ஓட்டிய வண்டியாக வாங்கியது. வாசகி கியர் பழகியதே அந்த வண்டியில்தான். இப்போது அம்மா திடீரென்று, "போதும்டி. இதைக் கொடுத்துட்டு உயரமா, கியர் இல்லாத வண்டி ஒண்ணு வாங்கிக்கறேன்" என்கிறார். காரணம் கேட்டால் பெட்ரோல் செலவு, பாகங்கள் கிடைக்காது, இந்த வயதில் எதற்கு இது என்று ஏதோ ஒன்று சொல்கிறார். தம்பி அம்மா பக்கம் நிற்கிறார், ஆளும் தேடுகிறார்.

வாசகிக்கு இது பொறுக்கவில்லை. பழைய வண்டிதான் கெட்டி, கியர் வண்டி ஓட்டினால் மூளை மழுங்காது, இதை விற்றால் அம்மா முடங்கிவிடுவார் என்றெல்லாம் வாதாடியிருக்கிறார். "நீ இன்னும் இருபது வயசுப் பொண்ணு மாதிரி ஓட்டறேம்மா" என்று உற்சாகப்படுத்தியும் பார்த்திருக்கிறார். எதுவும் பலிக்காமல், வண்டியின் பதிவுப் பத்திரத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்து தன் வீட்டில் வைத்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று விஷயங்கள்: அம்மாவின் மனதை மாற்றுவது எப்படி? ஆசையாக வாங்கியதை விற்பது மனச்சோர்வின் அறிகுறியா? சட்டப்படி விற்பனையைத் தடுக்கவோ, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவோ முடியுமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதியவர்களும் கார்களும் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானவை. "அப்பா கையிலிருந்து சாவியை எப்படி வாங்குவது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அம்மா கையில் சாவியைத் திரும்பத் திணிக்க வழி கேட்கும் மகளைப் பார்ப்பது அபூர்வம். அதற்காகவே உங்கள் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் ஆசையும் தவறில்லை. ஆனால் மனதை மாற்றும் வழியைக் கேட்கிறீர்கள், அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கடிதத்தில் எங்குமே கேட்கவில்லை. நான் சொல்லப்போவது எல்லாமே அதையொட்டித்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பத்திரம்

அதை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெளிந்த மனதோடு இருக்கும் ஒருவர் தன் பெயரில் உள்ள பொருளை விற்பதைப் பிள்ளைகள் தடுக்க முடியாது. நான் வழக்கறிஞன் இல்லை, நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பெரியவர் ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று முறைப்படி நிறுவப்படாத வரை, அவர் சொத்து அவர் இஷ்டம் என்பதுதான் அடிப்படை. "எனக்குச் சரியென்று படாத முடிவை எடுக்கிறார்" என்பது திறன் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. பத்திரம் தொலைந்தால் உரிமையாளர் விண்ணப்பித்து நகல் வாங்கிக்கொள்ளலாம். ஆக, விற்பனையை நீங்கள் தடுக்கவும் இல்லை, சில வாரம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சட்டத்தைவிட என்னை உறுத்துவது வேறு. 73 வயதில், பத்திரமாக வைத்த ஒரு காகிதம் வைத்த இடத்தில் இல்லையென்றால் உங்கள் அம்மா முதலில் யாரைச் சந்தேகப்படுவார்? உங்களை அல்ல, தன் ஞாபகசக்தியை. அலமாரியைக் கலைத்துத் தேடிவிட்டு, "எனக்கு மறதி வந்துவிட்டதோ" என்று யாரிடமும் சொல்லாமல் பயப்படுவார். ஓட்டுவதில் மிச்சமிருக்கும் தன்னம்பிக்கையும் அதோடு போகும். நீங்கள் விரும்புவதற்கு நேர் எதிரான விளைவு இது. திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் மோசமாகும்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியவை

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது உங்கள் வாதங்களை அல்ல. அம்மாவைக் குறைசொல்லும் பத்தியில் நான்கு செய்திகளைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். சில மாதங்களாக அவர் காலையில் மட்டும்தான் வண்டியை எடுக்கிறார். கூரையைத் திறக்க உங்களைக் கூப்பிடுகிறார். பின் பம்பரின் இடது ஓரத்தில் புதிதாக ஒரு கீறல், கேட்டால் "யாரோ உரசிட்டுப் போயிட்டாங்க" என்கிறார். வருடக்கணக்காக அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டார்.

காலையில் மட்டும் ஓட்டுபவர் பெரும்பாலும் இரவுக்குப் பயப்படுகிறவர். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சிறுத்துப்போவதும் கண்ணின் லென்ஸ் மங்குவதும் காரணம். கண்புரையும் சேர்ந்தால் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசவைத்து, கூச்சம் அடங்கச் சில நொடிகள் ஆகும். இதில் ஒரு கூடுதல் சங்கடம்: எம்எக்ஸ்-5 மிகவும் தாழ்ந்த வண்டி. எதிரே வரும் உயரமான வண்டிகளின் விளக்கு நேரே அவர் கண் மட்டத்தில்தான் வந்து அடிக்கும். "உயரமா ஒரு வண்டி" என்று அவர் கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படிச் சரியாகக்கூடிய ஒன்றுக்காக வண்டியை விற்றுவிட்டால் பின்னால் வருத்தம்தான்.

கூரையைத் திறக்க உங்களைக் கூப்பிடுவது பாசத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானம் வயதான பெண்களிடம் மிகச் சாதாரணம். கண்ணாடிச் சட்டத்தில் கூரையைப் பிடித்திருக்கும் கொக்கிகளை விடுவிக்க அந்த விரலில்தான் பலம் வேண்டும். கிளட்சை மிதிக்கும் இடது முழங்கால், தாழ்ந்த சீட்டிலிருந்து எழும் இடுப்பு இரண்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி மேல் உள்ள ஆசை குறையாமலே வண்டிக்குள் ஏறி இறங்குவது தண்டனையாகிவிட்டிருக்கலாம்.

கீறலை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம், உண்மையாகவே யாரோ உரசியிருக்கலாம். ஆனால் கூரை மூடிய எம்எக்ஸ்-5இல் பின்பக்க ஓரங்கள் சரியாகத் தெரியாது, கழுத்து திரும்பாதவருக்கு அது இன்னும் சிரமம். மெக்கானிக் போனதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். தெரிந்த ஆள் இல்லாமல் ஒரு பழைய வண்டியோடு தனியாக இருப்பது, அதுவும் "பாட்டிம்மா, இதெல்லாம் மாத்தணும்" என்று சொல்லும் புதுப் பட்டறைகளுக்கு முன்னால் நிற்பது, நிறையப் பேருக்குச் சோர்வு தருகிற விஷயம். "பாகம் கிடைக்காது" என்று அவர் சொல்வதற்குள் "யாரிடம் போவேன்" என்பதும் இருக்கும். பாகங்களைப் பொறுத்தவரை அவர் பயப்பட வேண்டியதில்லை. 1989இல் வெளிவந்த இந்த மாடல் வரிசை 2016இல் பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டியது. இவ்வளவு பேர் வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாகம் தேடுவது மற்ற பழைய வண்டிகளைப் போலக் கஷ்டமில்லை.

இனி உங்கள் உற்சாக வார்த்தைக்கு வருகிறேன். "இருபது வயசுப் பொண்ணு மாதிரி ஓட்டறே" என்று நீங்கள் சொன்ன பிறகு, "இல்லடி, இடுப்பு வலிக்குது" என்று அவர் எப்படிச் சொல்வார்? பெட்ரோல் செலவு என்கிறார். பெட்ரோல் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லாத காரணம் பாருங்கள்.

பழைய வண்டிதான் கெட்டியா?

இந்த வாதத்தை இதோடு கைவிட்டுவிடுங்கள். கார் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (ஐஐஎச்எஸ்) தன் ஐம்பதாவது ஆண்டான 2009இல் ஒரு சோதனை செய்தது. 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பார்க்கக் கோட்டை மாதிரி இருந்த பழைய வண்டியின் உள்பகுதி நொறுங்கிப்போனது, புதிய வண்டியில் ஓட்டுநர் அமரும் இடம் பெரும்பாலும் சிதையாமல் நின்றது. இரும்பின் கனம் காப்பாற்றுவதில்லை, மோதலின் வேகத்தை எங்கே நொறுங்கி வாங்கிக்கொள்வது என்று திட்டமிட்ட வடிவம்தான் காப்பாற்றுகிறது.

உங்கள் அம்மாவின் வண்டி அத்தனை பழையதில்லை. சீட் பெல்ட்டும் முன்பக்க ஏர்பேக்கும் உள்ள காலத்து வண்டிதான். ஆனால் சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியை நேராக்கும் ஈஎஸ்சி அமைப்பு அதில் இருக்காது. அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முடிவிலிருந்தும் புதிய கார்களுக்கு அது கட்டாயம். அதே மோதலில் முப்பது வயதுக்காரர் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார், எழுபது வயதுக்காரருக்கு விலா எலும்பு உடையும். எனவே பாதுகாப்பைப் பொறுத்தவரை உங்கள் அம்மாவும் தம்பியும் சொல்வதுதான் சரி. வண்டியை வைத்துக்கொள்ளச் சொல்வதென்றால் இதை ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்லுங்கள். "கொஞ்சம் கூடுதல் ஆபத்து இருக்கிறது, அதைக் குறைத்துக்கொண்டு வைத்திருக்கலாமா?" என்பது நேர்மையான கேள்வி.

கியர் மாற்றினால் மூளை மழுங்காது என்பதும் அப்படித்தான். கைபேசியில் சுற்றும் இந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஓட்டுவதையே அடியோடு நிறுத்திவிடுவது வேறு கதை. 2016இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றது. உங்கள் அம்மா நிறுத்தவில்லையே. வண்டியை மாற்றுகிறார், இன்னும் பல வருடம் ஓட்டுவதற்கு வழி தேடுகிறார். இந்த இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொண்டதால்தான் "முடங்கிவிடுவார்" என்ற பயம் வந்திருக்கிறது.

இது மனச்சோர்வா?

ஆசையாக வைத்திருந்த பொருட்களைக் கொடுத்துவிடுவது சில சமயம் எச்சரிக்கைதான். தூக்கமும் பசியும் மாறியிருந்தால், தோழிகளைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தால், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்தால், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தால், காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வண்டி எவ்வளவு உயரம், கியர் எப்படி என்றெல்லாம் யோசிப்பவர் எதிர்காலத்தை மூட்டை கட்டிவிட்டவர் இல்லை. முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் தங்களுக்கு நிறைவு தருபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதறிவிடுவார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல வருடங்களாக எழுதிவருகிறார். அது சோர்வு இல்லை, ஒருவிதத் தெளிவு.

இங்கே உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் கவலைப்படாமல் ஓட்டிக்கொண்டு போன ஐம்பத்துச் சில்லறை வயது அம்மாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இன்றைய அம்மாவைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. வண்டி போனால் அந்த அம்மாவும் போய்விடுவார் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாவையும் இழந்தவர் நீங்கள். ஆனால் அந்தப் பயத்தைச் சுமக்கும் வேலையை அவர் முழங்காலுக்குக் கொடுக்காதீர்கள்.

பேச்சை எப்படி எடுப்பது

எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாதீர்கள். அந்த வண்டியிலேயே, அவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பேசுவது நல்லது. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாய் தானாகத் திறக்கும். எப்படி ஓட்டுகிறார் என்பதையும் வாதமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நெரிசலில் வேண்டாம், காலி சாலையில். தம்பியை அன்று கூப்பிடாதீர்கள்.

"ஏம்மா விக்கறே?" என்றால் பெட்ரோல்தான் பதிலாக வரும். "இறங்கும்போது எங்கேம்மா வலிக்குது?", "ராத்திரி லைட் கண்ணைக் கூசுதா?", "அந்த மெக்கானிக் போனப்புறம் யார்கிட்ட காட்டறே?" என்று குறிப்பாகக் கேளுங்கள். அப்புறம் பெரிய கேள்வி: "வலியும் இல்ல, பட்டறைத் தொல்லையும் இல்லன்னு வை. அப்பவும் விப்பியா?"

"அப்பவும் விப்பேன்" என்றால், அம்மாவுக்கு இந்த வண்டியோடு முடிந்துவிட்டது. விஷயமும் அங்கே முடிந்தது. வாயைத் திறக்கத் தயங்கினால், அல்லது "அப்படின்னா எதுக்குடி விக்கப்போறேன்" என்றால், பேசுவதற்கு இடமிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நன்றாகத் தெரிந்த பாதையில் வழி தவறுவது, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் குழம்புவது, சிக்னலைக் கவனிக்காமல் போவது, காரணம் சொல்ல முடியாத நசுங்கல்கள் அடிக்கடி வருவது இவற்றில் ஏதாவது நீங்கள் பார்த்தால், எந்த வண்டி என்ற கேள்வியே எழாது. அப்போது மருத்துவரையும், ஓட்டும் திறனை மதிப்பிடும் பயிற்சி பெற்ற நிபுணரையும் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் அப்போதே காட்டுங்கள். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில பழைய வகை மாத்திரைகளும் மறுநாள் காலை வரை மந்தமாக வைத்திருக்கும்.

வைத்துக்கொள்வதென்றால்

முதுமையை ஆராய்ந்த பால் பால்ட்டெஸ், மார்கிரெட் பால்ட்டெஸ் தம்பதியினர் அடிக்கடி எடுத்துக்காட்டிய மனிதர் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். குறைவான உருப்படிகளை வாசிக்கிறேன், அவற்றை அதிகமாகப் பயிற்சி செய்கிறேன், வேகமான பகுதிக்கு முன்னால் சற்று மெதுவாக வாசிக்கிறேன், அதனால் வேகம் வேகமாகவே கேட்கிறது என்றாராம். தேர்ந்தெடுப்பது, அதைச் செம்மையாக்குவது, முடியாததற்கு ஈடுசெய்வது: இந்த மூன்றையும் அப்படியே இந்த வண்டிக்குப் பொருத்தலாம்.

அன்றாட வேலைக்கு அந்த உயரமான ஆட்டோமேட்டிக் வண்டி வரட்டும், அதை எதிர்க்காதீர்கள். வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் வசதியா, எல்லாவற்றையும் திரையில் தொட வேண்டியிருப்பது எரிச்சலா என்பதெல்லாம் கடையில் பத்து நிமிடம் ஓட்டினால் தெரியாது. எம்எக்ஸ்-5 காய்ந்த சாலை, பகல் வெளிச்சம், தெரிந்த பாதை என்ற மூன்றுக்கு மட்டும். இரண்டு வண்டிக்கான செலவு அவருக்குக் கட்டுப்படியாகாது என்றால், வைத்திருக்கச் சொல்லும் நீங்கள்தான் பங்கு கொடுக்க வேண்டும். நிறுத்த இடம், வரி, காப்பீடு, பராமரிப்பு என்று ஒரு வருடக் கணக்கைக் காகிதத்தில் போட்ட பிறகே "வச்சுக்கோம்மா" என்று சொல்லுங்கள். கணக்கு போட்டபின் உங்களுக்கே வாய் வராமலும் போகலாம், பரவாயில்லை.

ஏறி இறங்க ஒரு வழி: முதலில் கூரையை மடித்துவிட்டு, கதவை முழுதாகத் திறந்து, இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே திருப்பி, பாதங்களைத் தரையில் ஊன்றியபின் எழுவது. தலை இடிக்காது, நிமிர இடமும் கிடைக்கும். மழையிலும் நெருக்கமான நிறுத்துமிடத்திலும் இது நடக்காது, எனவே அகலமான இடம் பார்த்து நிறுத்தப் பழக வேண்டும். இதைப் பழக்கிக்கொடுக்க, அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யக் கற்றுத்தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, குறைவாக ஓடும் வண்டி நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் பத்து வருடமான டயர் மாற்றப்பட வேண்டியது, பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை மட்டும் ஓடவிடுவது உதவாது, முழுதாகச் சூடேறும் அளவுக்கு ஓட்ட வேண்டும். இந்த மாடலின் பலவீனம் துரு: கூரைத் தண்ணீர் வடியும் சிறு துளைகள் தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பொரியும்போது பாதி போயிருக்கும். வண்டியை லிஃப்டில் தூக்கி அதைப் பார்க்காமல், வைப்பதா விற்பதா என்று முடிவெடுக்கவே வேண்டாம். அடிச்சட்டம் போயிருந்தால் உங்கள் பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டு விற்க விடுங்கள். இத்தனைக்கும் பொறுமையான ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, முதல் சில தடவை நீங்களே கூடப் போங்கள். உங்கள் எல்லா வாதங்களையும்விட அந்த உதவி அவர் மனதைத் தொடும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் அவர் சம்மதித்தால் நிரந்தர முடிவாகக் கேட்காதீர்கள். ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம், இன்ன தேதியில் நீ என்ன சொல்கிறாயோ அதுதான் என்று கேளுங்கள். அந்தத் தேதியில் அவர் "விப்போம்" என்றால் இன்னொரு வாதம் கிடையாது. இதை உங்களால் காப்பாற்ற முடியாதென்றால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் பெயருக்கு மாற்றுவது

முடியும், அம்மா மனதார விரும்பினால். எனக்குப் பிடித்த வழியும் இதுதான். பராமரிப்புத் தொல்லை உங்களுடையது, ஆசைப்படும் நாளில் ஓட்டிப்பார்க்கும் சுகம் அவருடையது. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெளியில் விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையைக் கொடுத்து வாங்குங்கள். புது வண்டிக்கு அவர் இந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கலாம். சும்மா வாங்கிக்கொண்டால் தம்பியின் மனதில் ஒரு கணக்கு விழும், அது பல வருடம் கழித்துச் சொத்துப் பேச்சில் வெளியே வரும். அவரே அன்பளிப்பாகத் தருவேன் என்றால் தம்பிக்குத் தெரிந்தே, எழுத்தில் தரட்டும்.

இரண்டாவது காப்பீடு. யார் அதிகம் ஓட்டுகிறார் என்று உண்மையைச் சொல்லுங்கள். தவணை குறையும் என்பதற்காக உங்கள் பெயரை முதன்மை ஓட்டுநராகப் போட்டுவிட்டு அம்மாவே ஓட்டிக்கொண்டிருந்தால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கக்கூடும்.

இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். விற்க நினைத்தவரை நீங்கள் பேசிப் பேசி நிறுத்தி, பிறகு அந்த வண்டியில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குற்றவுணர்வு உங்களை லேசில் விடாது. பயமுறுத்தச் சொல்லவில்லை. அவராக எடுத்த முடிவென்றால் இருவரும் தாங்கிக்கொள்வீர்கள், நீங்கள் திணித்ததென்றால் கஷ்டம்.

விற்கத்தான் போகிறார் என்றால்

அந்த விற்பனையில் தம்பியோடு நீங்களும் நில்லுங்கள். முதலில் வந்த வியாபாரியிடம் தள்ளிவிடுவதைவிட, இந்த மாடலை விரும்பி வைத்திருப்பவர்களின் குழுக்களில் சொன்னால் விலையும் கிடைக்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் ஆளும் கிடைப்பார். எண்ணெய் மாற்றிய ரசீதுகள், பழைய பட்டறைச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதற்கே தனி மதிப்பு. துருவோ பழைய இடியோ இருந்தால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களோடு அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். பணம் கணக்கில் ஏறியது உறுதியான பிறகு, பெயர் மாற்ற அறிவிப்பைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் சாவி கைமாற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் புது உரிமையாளர் வாங்கும் அபராதச் சீட்டுகள் எல்லாம் உங்கள் அம்மா வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.